குதிரை ஓடுகிறது, கூலி கரைகிறது!

பிரிட்டனில் குதிரைப் பந்தயக்காரர்களுக்கு ஆண்டுக் கணக்கு முடிக்கும் நாள் ஒன்று உண்டு. வேலி தாண்டாமல் சமதரையில் ஓடும் பந்தயங்கள் அங்கே வசந்த காலத்தில் தொடங்கி ஊர் ஊராக நடக்கும். அக்டோபர் நடுவில், லண்டனுக்கு மேற்கே ஆஸ்காட் மைதானத்தில், அந்தப் பருவத்தின் முதல்தரக் குதிரைகளை ஒரே பிற்பகலில் இறக்கி ஓடவிடுகிறார்கள். இதற்குச் "சாம்பியன்கள் தினம்" என்று பெயர். 2011ம் ஆண்டு முதல் இப்படி நடக்கிறது. ஆண்டின் தலைசிறந்த ஜாக்கிக்குப் பட்டம் சூட்டுவதும் அன்றுதான்.

2025ம் ஆண்டில் அந்த நாள் அக்டோபர் 18ந் தேதி, சனிக்கிழமை. ஒரு பிற்பகலுக்குள் பட்டுவாடா ஆன பரிசுத் தொகை 40 லட்சம் பவுனுக்கு மேல். நம் நாட்டுப் பணத்தில் 45 கோடி ரூபாயைத் தாண்டும். தலையான பந்தயம் ஒன்றுக்கு மட்டும் 13 லட்சம் பவுன். மைதானம், 1711ல் ஆன் ராணி ஏற்படுத்தியது. விழாவுக்குப் பணம் கொடுத்துப் பெயர் போட்டுக்கொள்வது, கத்தார் நாட்டு அரச குடும்பத்தாரின் முதலீட்டுக் கம்பெனி. தலையான பந்தயத்தில் ஜெயித்த குதிரை, ஆகா கான் பரம்பரையின் லாயத்தைச் சேர்ந்தது. ராணி, ஷேக், ஆகா கான்! குதிரை மட்டும்தான் அங்கே உழைத்துச் சாப்பிடும் ஜீவன் என்று சொல்லத் தோன்றுகிறது. ஆனால் அப்படிச் சொல்வது நியாயமில்லை. குதிரைக்குப் பின்னால் வேறு உழைப்பாளிகளும் இருக்கிறார்கள். அவர்களைப் பற்றிப் பிறகு சொல்வோம்.

சீமையில் சீமான்கள் குதிரை விட்டால் படாளம் சர்க்கரை ஆலைத் தொழிலாளிக்கு என்ன? திருக்கழுக்குன்றத்தில் நாற்று நடும் பெண்ணுக்கு என்ன? மாமல்லபுரத்தில் வலை உலர்த்துகிறவருக்கு என்ன? இப்படிக் கேட்கலாம்.

சம்பந்தம் இருக்கிறது. செங்கல்பட்டில் ரயிலேறினால் வழியில் கிண்டி வருகிறது. கிண்டியில் அந்தச் சம்பந்தம் 160 ஏக்கர் பரப்பில் கிடக்கிறது. ஆஸ்காட்டில் நடப்பதன் குட்டி நகல்தான் கிண்டி. நம் நாட்டிலும் பருவத்தின் முடிவில் இதேபோல் ஒரு பெரிய நாள் உண்டு. "இன்விடேஷன் கப்" என்று பெயர் வைத்து, 1963 முதல் பம்பாய், கல்கத்தா, பெங்களூர், ஹைதராபாத், சென்னை கிளப்புகள் முறை வைத்து நடத்திவந்தன. எந்த ஊரில் நடந்தாலும் பத்திரிகைகள் ஜெயித்த குதிரையின் படத்தைப் போடும். சொந்தக்காரர் கோப்பையைத் தூக்கிப்பிடித்த படத்தைப் போடும். அந்தக் கோப்பைக்குள் யாருடைய பணம் இருக்கிறது என்று மட்டும் போடுவதில்லை.

அந்தக் கணக்கை நாம் பார்ப்போம்.

யார் பணம் இது?

பந்தயக் கிளப்பில் பணம் கட்டும் முறை எளிது. பத்துப் பேர் ஆளுக்கு 100 ரூபாய் கட்டுகிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். பெட்டியில் 1,000 ரூபாய் சேருகிறது. கிளப் தன் பங்கை முதலில் எடுத்துக்கொள்ளும். சர்க்கார் தன் வரியை எடுத்துக்கொள்ளும். மீதியைத்தான் ஜெயித்த குதிரை மீது கட்டியவர்கள் பங்கிட்டுக்கொள்ள வேண்டும். ஒரு பேச்சுக்கு, இரண்டும் சேர்ந்து நூற்றுக்கு 30 போகிறது என்று வைப்போம். முதல் ஆட்டம் முடிந்ததும் பத்துப் பேரிடமும் சேர்த்து இருப்பது 700 ரூபாய். அதையே இரண்டாவது ஆட்டத்தில் கட்டினால் 490 ரூபாய். மூன்றாவதில் 343 ரூபாய். ஒரு நாளில் ஆறேழு ஆட்டம் நடக்கும். ஏழாவது ஆட்டம் முடிந்து ஜனம் ரயிலடிக்குத் திரும்பும்போது, 1,000 ரூபாயில் மிஞ்சியது 82 ரூபாய்!

இதில் எவரும் எவரையும் ஏமாற்றவில்லை. ஜாக்கி கடிவாளத்தை இழுத்துப் பிடிக்கவில்லை. குதிரைக்கு யாரும் மருந்து கொடுக்கவில்லை. எல்லாம் ஒழுங்காக, நேர்மையாக நடந்தாலே கணக்கு இப்படித்தான் முடியும். பத்துப் பேரில் ஒருவர் பை நிறைந்து போகலாம். அவர் போவதைத்தான் மற்ற ஒன்பது பேரும் பார்க்கிறார்கள். அடுத்த வாரம் நாமும் அவராகலாம் என்று நினைக்கிறார்கள். ஒன்பது பேர் வெறுங்கையோடு போனதை யாரும் எண்ணுவதில்லை.

நம் நாட்டில் 2023 அக்டோபர் 1 முதல், கட்டும் முழுத் தொகையின் மீதும் நூற்றுக்கு 28 வரி விதித்தார்கள். 2025 செப்டம்பர் 22 முதல் அதை 40 ஆக்கினார்கள். வரி ஏறினால் சூது ஒழியும் என்கிறார்கள் சிலர். நமக்கு அதில் நம்பிக்கை இல்லை. வரிப் பணத்தின் ருசி கண்ட சர்க்கார், வரி கொடுக்கும் மரத்தை வேரோடு வெட்டுமா?

பிரிட்டனில் இந்தக் கணக்கைச் சட்டமாகவே எழுதிவைத்திருக்கிறார்கள். 1961ல் ஏற்பட்ட ஏற்பாட்டின்படி, பந்தயத் தரகுக் கம்பெனிகள் குதிரைப் பந்தயத்தில் அடிக்கும் மொத்த லாபத்திலிருந்து ஒரு பங்கைப் பந்தயத் தொழிலுக்குக் கட்ட வேண்டும். இப்போது அது நூற்றுக்கு 10. கம்பெனியின் லாபம் என்றால் என்ன? பணம் கட்டியவன் தோற்றதுதானே! ஆக, தோற்றவன் விட்ட காசிலிருந்து ஒரு பகுதி, ஜெயித்த குதிரையின் சொந்தக்காரருக்குப் பரிசாகப் போய்ச் சேருகிறது. லிவர்பூல் துறைமுகக் கூலியின் காசு சுற்றிவளைத்து ஷேக்கின் கைக்குப் போகிறது. இதை விளையாட்டு என்கிறார்கள்.

"திறமை" என்ற மந்திரம்

1974ல் தமிழ்நாடு சட்டமன்றம் குதிரைப் பந்தயத்தையும் அதன்மேல் பணம் கட்டுவதையும் ஒழிக்கச் சட்டம் நிறைவேற்றியது. 1975 மார்ச் 31 முதல் அமல் என்று அறிவித்தார்கள். கிளப் கோர்ட்டுக்குப் போனது. வழக்கு இருபது ஆண்டு இழுத்தது. இதற்கிடையில் 1986ல், கிளப்பையே சர்க்கார் எடுத்துக்கொள்ள இன்னொரு சட்டம் வந்தது. அதுவும் வழக்கில் சிக்கியது. சட்டம் ஏட்டில் இருந்தது, குதிரைகள் மைதானத்தில் ஓடின.

கடைசியில் 1996 ஜனவரி 12ந் தேதி சுப்ரீம் கோர்ட் தீர்ப்புச் சொன்னது. குதிரைப் பந்தயம் அதிர்ஷ்டத்தை நம்பிய சூது அல்ல, பெரும்பாலும் திறமையின்பாற்பட்ட ஆட்டம் என்றது. குதிரையின் வம்சம், முந்தைய ஓட்டங்கள், ஜாக்கியின் கெட்டிக்காரத்தனம், தரையின் ஈரம் இவற்றையெல்லாம் அலசிப் பார்த்துத்தான் பணம் கட்டுகிறார்கள் என்பது அதன் சாரம். 1986ம் ஆண்டுச் சட்டமும் செல்லாது என்று அடித்துவிட்டது.

குதிரைக்குத் திறமை உண்டு, ஒப்புக்கொள்கிறோம். ஜாக்கிக்குத் திறமை உண்டு, அதையும் ஒப்புக்கொள்கிறோம். அரை டன் எடையுள்ள மிருகத்தின் முதுகில், காலை இரும்பு வளையத்தில் ஊன்றி எழுந்து நின்று, உயிரைப் பணயம் வைத்து ஓட்டுகிறவன் தொழிலாளிதான். பிரிட்டனின் பிராங்கல் என்ற குதிரை 14 பந்தயத்தில் ஓடி 14லும் ஜெயித்தது. 2012ம் ஆண்டுச் சாம்பியன்கள் தினத்தில் கடைசி வெற்றியைப் பெற்று ஓய்வு பெற்றது. அந்த அழகை ரசிக்க நமக்கும் கண் உண்டு. ஊரில் ரேக்ளா வண்டி பறக்கும்போது எழுந்து நின்று கூவுகிறவர்கள்தானே நாம்!

ஆனால் வேலிக்கு வெளியே நின்று சீட்டு வாங்குகிறவனின் திறமை எது?

அதே 2025 அக்டோபர் 18ந் தேதிக்கு வருவோம். அன்றைய குறுந்தூரப் பந்தயத்தில் "பவர்புல் குளோரி" என்ற குதிரை ஓடியது. பந்தயத் தரகர்கள் அதற்கு வைத்திருந்த விலை, ஒரு பவுன் கட்டினால் 200 பவுன். அதாவது, இது ஜெயிக்கவே ஜெயிக்காது என்று ஊரிலுள்ள நிபுணர்கள் எல்லாரும் அலசி ஆராய்ந்து முடிவு கட்டியிருந்தார்கள். அது ஜெயித்துவிட்டது! அதே நாளில் நடந்த இன்னொரு பெரும் பந்தயத்தில், ஒன்றுக்கு 100 என்று ஒதுக்கிவைத்திருந்த "சிசரோஸ் கிப்ட்" ஜெயித்தது. ஆண்டின் தலைசிறந்த நாளில், தலைசிறந்த குதிரைகள் ஓடிய மைதானத்தில், காலமெல்லாம் இதையே தொழிலாகக் கொண்ட நிபுணர்களின் திறமை இந்த லட்சணம். அப்படியானால், மறைமலைநகர் ஆலையில் இரவு ஷிப்ட் முடித்து, ரயிலில் நின்றபடி பந்தயப் புத்தகத்தைப் புரட்டுகிற காண்டிராக்ட் தொழிலாளியின் திறமையைப் பற்றிப் பேச என்ன இருக்கிறது?

ஓடுகிற குதிரையின் திறமையை, கட்டுகிறவனின் கணக்கில் வரவு வைக்கிறார்கள். வித்தையெல்லாம் இதில்தான் இருக்கிறது.

ஒரு செயல், இரண்டு நியாயம்

அறுவடை முடிந்த காலத்தில், வேலையற்ற நாலு பேர் புளியமரத்தடியில் உட்கார்ந்து காசு வைத்துச் சீட்டாடுகிறார்கள். போலீஸ் ஜீப் வருகிறது. சீட்டுக்கட்டும் காசும் பறிமுதல். ஆட்கள் ஸ்டேஷனில். மறுநாள் பத்திரிகையில் "சூதாடிகள் கைது" என்று செய்தி.

கிண்டி மைதானத்தில் ஆயிரக்கணக்கான பேர் கூடிப் பணம் வைத்தார்கள். போலீஸ் அங்கேயும் வந்தது. கூட்டத்தை ஒழுங்குபடுத்த வந்தது!

இது தற்செயல் அல்ல. சென்னை நகரப் போலீஸ் சட்டத்திலும் 1930ம் ஆண்டுச் சூதாட்டச் சட்டத்திலும் "சூது" என்றால் என்ன என்று பொருள் எழுதும் இடத்திலேயே ஒரு கதவைத் திறந்து வைத்திருந்தார்கள். பந்தயம் நடக்கும் அன்று, சர்க்கார் அனுமதித்த அடைப்புக்குள் நின்று குதிரை மீது பணம் கட்டினால் அது சூது ஆகாது. அடைப்புக்கு வெளியே கட்டினால் சூது. ஒரே காசு, ஒரே ஆசை. நடுவில் ஒரு வேலி, அவ்வளவுதான்.

இந்த வித்தையை வெள்ளைக்காரன் தன் சொந்த ஊரிலேயே பழகிவிட்டிருந்தான். 1906ல் பிரிட்டிஷ் பார்லிமெண்ட் தெருவில் பந்தயம் கட்டுவதைத் தடைசெய்து சட்டம் போட்டது. சுரங்கத் தொழிலாளி தெருமுனையில் நின்று ஆறு பென்ஸைக் கொடுத்தால் குற்றம். பிரபு தன் மாளிகையில் உட்கார்ந்து, கணக்கில் எழுதிக்கொள்ளச் சொல்லி ஆயிரம் பவுன் கட்டினால் குற்றமில்லை. ஐம்பது ஆண்டுக்கு மேல் இந்த நீதிதான் அங்கே நடந்தது. பிறகு 1960ல் சட்டத்தைத் திருத்தினார்கள். 1961 மே மாதம் முதல், தொழிலாளர் குடியிருப்புகளில் பந்தயக் கடைகள் முளைத்தன. முன்பு தொழிலாளி கட்டினால் குற்றம். இப்போது தொழிலாளி கட்டினால் லாபம். இரண்டிலும் அவன் நன்மையை யாரும் நினைக்கவில்லை.

லாயத்துக்குள்ளே

குதிரைக்குப் பின்னால் நிற்கும் உழைப்பாளிகளைப் பற்றிச் சொல்வதாகச் சொன்னோம். விடியுமுன் எழுந்து சாணம் அள்ளி, கொள்ளு வைத்து, தேய்த்துக் குளிப்பாட்டி, நடத்திக் கூட்டிப்போகிறவர்கள் லாயத் தொழிலாளிகள். குதிரைக்குக் காய்ச்சல் என்றால் அதன் அருகிலேயே படுத்துக் கிடப்பவர்கள். கோப்பை வாங்கும் படத்தில் கடிவாளத்தைப் பிடித்துக்கொண்டு ஓரமாக நிற்பார்கள். படத்தின் கீழே அவர்கள் பெயர் இராது.

1975ல், பிரிட்டனில் பந்தயத் தலைநகரமான நியூமார்க்கெட்டில் இவர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். போக்குவரத்து, பொதுத் தொழிலாளர் சங்கத்தின் கீழ் திரண்டார்கள். கேட்ட உயர்வு எவ்வளவு? வாரத்துக்கு 4 பவுன் 70 பென்ஸ். லட்சக்கணக்கான பவுன் விலைபோகும் குதிரையை வளர்ப்பவன் கேட்டது அவ்வளவுதான். பெரும் பந்தயம் ஒன்று நடந்த நாளில் அவர்கள் ஓடுபாதையில் மறியல் செய்தார்கள். புகழ்பெற்ற ஜாக்கி ஒருவரைக் குதிரையிலிருந்து இழுத்த சம்பவமும் நடந்தது. உடனே, தொப்பியும் கோட்டும் அணிந்த கனதனவான்கள் வேலியைத் தாண்டி வந்து தொழிலாளிகளைத் தாக்கினார்கள். வேறு நாட்களில் கண்ணியத்தைப் பற்றிப் பிரசங்கம் செய்கிறவர்கள் இவர்களே.

ஐம்பது ஆண்டு கழித்து, 2025 செப்டம்பர் 10ந் தேதி, அதே பிரிட்டனில் மீண்டும் ஒரு வேலைநிறுத்தம். இந்த முறை நிறுத்தியவர்கள் பந்தயத் தொழிலின் எஜமானர்களே! இணைய வழிப் பந்தயத்தின் மீதான வரியை உயர்த்தும் யோசனையை எதிர்த்து, அன்று நடக்கவேண்டிய நான்கு ஊர்ப் பந்தயங்களையும் ரத்து செய்தார்கள். இந்த முறை யாரும் வேலி தாண்டி வந்து யாரையும் அடிக்கவில்லை. நவம்பரில் வந்த பட்ஜெட்டில் குதிரைப் பந்தய வரியை உயர்த்தவும் இல்லை. எஜமானன் ஒரு நாள் கடையை மூடினால் மந்திரி காது கொடுக்கிறார். தொழிலாளி வாரக்கணக்கில் பட்டினி கிடந்தால்தான் ஒரு பேச்சுவார்த்தை.

மனிதனுக்கே இந்தக் கதி என்றால் மிருகத்துக்கு என்ன? முதலாவது சாம்பியன்கள் தினத்தில், 2011ல், தலையான பந்தயத்தில் ஜெயித்த ஜாக்கிக்குத் தண்டனை விதித்தார்கள். அனுமதித்த அளவைவிட ஒரு சவுக்கடி கூடுதலாக அடித்துவிட்டாராம். எத்தனை அடி வரை அடிக்கலாம் என்று ஒரு கணக்கு இருக்கிறது, பாருங்கள்! வேகம் குறைந்துபோன குதிரைகளுக்கு லாயத்தில் இடமில்லை. சென்னைக் கடற்கரையிலும் மாமல்லபுரம் மணலிலும் பத்து நிமிடச் சவாரிக்குக் குழந்தைகளைச் சுமக்கும் குதிரைகளைப் பார்த்திருப்பீர்கள். ஒரு காலத்தில் பந்தயத்தில் ஓடியவை அவற்றில் உண்டு. கோடி ரூபாய்ப் பேச்சுகளின் நடுவே பிறந்த மிருகம், கடைசியில் நம் ஏழைப் பையன் ஒருவனின் கையிலிருந்து புல் தின்கிறது. அவனும் அதுவும் சேர்ந்து பிழைக்கிறார்கள்.

ஏக்கருக்கு நாலு ரூபாயும் இல்லை

இனி நிலத்தின் கணக்கு. விவசாயத் தொழிலாளர்கள் கவனித்துப் படிக்க வேண்டிய கணக்கு இது.

1763ல் ஆற்காட்டு நவாப் செங்கல்பட்டுச் சீமையைக் கும்பினியாருக்கு ஜாகீராகக் கொடுத்தார். உழுதவனைக் கேட்டா கொடுத்தார்? இல்லை. 1777ல் சென்னையில் குதிரைப் பந்தயம் ஆரம்பமாயிற்று. 1896ல் சென்னை ரேஸ் கிளப் ஏற்பட்டது. கிண்டியும் வேளச்சேரியும் அன்று பட்டணத்துக்கு வெளியே, செங்கல்பட்டு ஜில்லா சைதாப்பேட்டைத் தாலுகாவில் இருந்த ஊர்ப்புறம்.

வெள்ளைக்காரன் மூட்டை கட்டுவதற்கு இரண்டு ஆண்டு முன்பு, 1945ல், கிண்டியில் 160 ஏக்கருக்கும் மேற்பட்ட சர்க்கார் நிலம் கிளப்புக்கு 99 ஆண்டுக் குத்தகையாகப் போயிற்று. ஆண்டு வாடகை 614 ரூபாய்ச் சொச்சம். ஏக்கருக்கு ஆண்டொன்றுக்கு நாலு ரூபாய் கூட விழவில்லை! 2025ல் ஊரக வேலைத் திட்டத்தில் தமிழ்நாட்டுக்கு அறிவித்த ஒரு நாள் கூலி 336 ரூபாய். மதுராந்தகத்தில் ஏரிக்கரையில் மண் சுமக்கும் இரண்டு பெண்கள் ஒரு நாள் வாங்கும் கூலி 672 ரூபாய். அந்த மைதானம் முழுவதற்கும் ஓர் ஆண்டு வாடகை கட்டி, மீதி 58 ரூபாயில் டீ குடித்துவிட்டு அவர்கள் வீடு திரும்பியிருக்கலாம்.

பிறகு சர்க்கார் வாடகையை உயர்த்திக் கேட்டது. கிளப் வழக்காடியது. 2023 மார்ச்சில் சென்னை ஹைகோர்ட், பாக்கி வாடகை 730 கோடியே 86 லட்சம் ரூபாயை ஒரு மாதத்துக்குள் கட்டு என்று உத்தரவிட்டது. 2024 செப்டம்பரில் சர்க்கார் குத்தகையை ரத்து செய்து மைதானத்துக்குச் சீல் வைத்தது. 118 ஏக்கரைப் பூங்கா அமைக்கத் தோட்டக்கலைத் துறைக்கு ஒதுக்கியது. வெள்ளத்தில் மூழ்கும் வேளச்சேரிப் பக்கத்து மழைநீரைத் தேக்க அங்கே குளம் வெட்டும் வேலையும் தொடங்கிற்று. கிளப் மறுபடியும் கோர்ட் படி ஏறியது. ஊட்டியிலும் இதே கதைதான். அங்கே 1978லேயே குத்தகைக் காலம் முடிந்துவிட்டது. 52 ஏக்கருக்கு மேற்பட்ட மைதானத்தைச் சர்க்கார் கைப்பற்றியது 2024 ஜூனில். நடுவில் போனது 46 ஆண்டு!

இதே ஜில்லாவின் இன்னொரு நிலக் கதையையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். 1891ல் செங்கல்பட்டுக் கலெக்டராக இருந்த டிரமென்ஹீர், தீண்டாமைக் கொடுமைக்கு ஆளான மக்களின் நிலைமையைப் பற்றி சர்க்காருக்கு அறிக்கை அனுப்பினார். நிலமில்லாததே அவர்கள் அடிமைப்பட்டுக் கிடப்பதற்குக் காரணம் என்று எடுத்துக்காட்டினார். அதன் விளைவாக 1892ல் பஞ்சமி நிலம் ஒதுக்க உத்தரவாயிற்று. அந்த நிலங்களில் பெரும்பகுதி பின்னால் யார் யார் கைக்கோ போனது. மாமல்லபுரத்துக்கு அருகே காரணை கிராமத்து மக்கள் தங்கள் பஞ்சமி நிலத்தைத் திருப்பிக் கேட்டுப் போராடினார்கள். 1994 அக்டோபர் 10ந் தேதி செங்கல்பட்டில் திரண்ட அந்த மக்கள் மீது போலீஸ் சுட்டது. இருவர் மாண்டனர்.

ரேஸ் கிளப் பாக்கி வைத்த வாடகைக்கு நோட்டீஸ், வாய்தா, அப்பீல், இடைக்காலத் தடை. காரணை மக்களுக்குத் துப்பாக்கி. இரண்டும் சர்க்கார் நிலத்தைப் பற்றிய விவகாரம்தான். ஒருவர் கையில் கோப்பை இருந்தது, மற்றவர் கையில் மண்வெட்டி இருந்தது. வித்தியாசம் அதுதான்.

சட்டைப் பைக்குள் ஒரு மைதானம்

கிண்டிக்குப் பூட்டுப் போட்டால் சூதுக்குப் பூட்டுப் போட்டதாகுமா? ஆகாது. இன்று மைதானம் செல்போனுக்குள் வந்துவிட்டது. ஷிப்டுக்கு நடுவே டீ குடிக்கும் பத்து நிமிடத்தில் ஒரு மாதக் கூலியைத் தோற்கலாம். ரயிலேற வேண்டாம், அடைப்புக்குள் போகவும் வேண்டாம். தோற்ற பணத்துக்கு மேலும் கடன் கொடுக்க அதே போனுக்குள் ஒரு வட்டிக்காரன் உட்கார்ந்திருக்கிறான்.

இணையச் சூதில் பணத்தையும் மானத்தையும் இழந்து, நம் தமிழ்நாட்டில் பலர் உயிரை விட்டார்கள். 2021ல் சட்டமன்றம் தடைச்சட்டம் போட்டது. அதே ஆண்டு ஆகஸ்டில் ஹைகோர்ட் அதை ரத்து செய்தது. 2022ல் மீண்டும் ஒரு சட்டம். கவர்னர் அதைத் திருப்பி அனுப்பினார். சட்டமன்றம் மறுபடி நிறைவேற்றி, 2023 ஏப்ரலில் ஒப்புதல் பெற்றது. அதே ஆண்டு நவம்பரில் ஹைகோர்ட், ரம்மியும் போக்கரும் திறமை ஆட்டம் என்று சொல்லி அவற்றுக்கு மட்டும் விலக்களித்தது. மறுபடியும் அந்த மந்திரச் சொல்! குதிரையின் முதுகில் ஏறி வந்த "திறமை", சீட்டுக்கட்டின் முதுகிலும் ஏறிக்கொண்டது. கடைசியில் 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் இயற்றிய சட்டம், திறமையானாலும் அதிர்ஷ்டமானாலும் பணம் வைத்து ஆடும் இணைய ஆட்டம் தகாது என்றது. இந்த நியாயம் போனுக்குப் பொருந்துமானால் மைதானத்துக்கு ஏன் பொருந்தாது?

நாம் கேட்பது

பணம் கட்டுகிற தொழிலாளியைத் திட்டுவதற்காக நாம் இதை எழுதவில்லை. சோம்பேறி, பேராசைக்காரன் என்று அவனைத் திட்ட மேடையும் பத்திரிகையும் நிறைய இருக்கின்றன. பத்து ஆண்டு உழைத்தாலும் தீராத கடன் உள்ளவனுக்கு, ஒரு பிற்பகலில் தீரும் என்று ஒருவன் ஆசை காட்டுகிறான். மகள் கல்யாணம், வீட்டு ஓட்டை, வட்டிக்காரன் மிரட்டல் எல்லாவற்றுக்கும் விடை அந்தச் சீட்டில் இருப்பதாகத் தோன்றுகிறது. கூலி போதாத இடத்தில்தான் குதிரைக்கு மவுசு. கூலி உயர்ந்தால், வேலை நிலைத்தால், நோய்க்கும் முதுமைக்கும் பாதுகாப்பு இருந்தால், சீட்டு விற்கிறவன் கடையில் ஈ ஓட்ட வேண்டியதுதான். ஆனால் ஒன்று. சங்கத்துக்குப் பத்து ரூபாய் கொடுக்கத் தயங்கும் கை, குதிரைக்கு நூறு ரூபாய் நீட்டுமானால், நட்டம் அந்த நூறு ரூபாய் மட்டுமல்ல. கூட்டாகப் போராடி வாங்க வேண்டியதைத் தனியாக அதிர்ஷ்டத்திடம் வாங்கலாம் என்ற நினைப்பு இருக்கிறதே, அதுதான் பெரிய நட்டம். முதலாளிக்கு அதைவிட மலிவான காவல்காரன் கிடைக்கமாட்டான்.

ஆகவே நாம் கேட்கிறோம்:

கிண்டியிலும் ஊட்டியிலும் பாக்கி நிற்கும் வாடகையைக் காசு குறையாமல் வசூல் செய்ய வேண்டும். ஏழை விவசாயியின் நகைக்கடனுக்குக் காட்டும் கண்டிப்பைக் கனதனவான்களிடமும் காட்ட வேண்டும்.

மீட்ட நிலம் ஜனங்களின் சொத்தாகவே இருக்க வேண்டும். குளமும் பூங்காவும் வரட்டும், வரவேற்கிறோம். வாசலில் ஏழை நுழைய முடியாத கட்டணம் வைக்கக்கூடாது. பின்வாசல் வழியாக இன்னொரு சீமானுக்குக் குத்தகை போகவும் கூடாது.

லாயத் தொழிலாளிகளை நடுத்தெருவில் விடக்கூடாது. சொந்தக்காரர்கள் குதிரைகளை வேறு ஊருக்கு ஓட்டிக்கொண்டு போய்விடலாம். தலைமுறையாக லாயத்தை நம்பிய குடும்பங்கள் எங்கே போகும்? அந்தப் பூங்காவிலேயே, கால்நடைத் துறையிலேயே, அவர்களுக்கு நிரந்தர வேலை கொடுக்கலாம். மிருகத்தைப் பராமரிக்கும் அவர்கள் கைத்தொழிலைவிட உண்மையான திறமை அந்த மைதானத்தில் வேறு எதுவும் இருந்ததில்லை.

குத்தகை நிபந்தனையை மீறிய கிளப்பிடமிருந்து நிலத்தைத் திருப்பி எடுக்க முடியுமானால், செங்கல்பட்டு ஜில்லாவில் பிறர் கைக்குப் போன பஞ்சமி நிலங்களையும் திருப்பி எடுக்க முடியும். சட்டம் இருக்கிறது, ஆவணம் இருக்கிறது. வேண்டியது சர்க்காருக்கு மனம். மனம் வரவில்லையென்றால் வரவைக்க வேண்டியது நம் வேலை.

ஆஸ்காட்டில் அடுத்த அக்டோபரிலும் கொடி ஏறும், வாத்தியம் முழங்கும். யார் ஜெயித்தார் என்று பத்திரிகைகள் நமக்குச் சொல்லும். நாம் வேறு கேள்வி கேட்போம்: அந்தப் பரிசுப் பணத்தை விட்டுவிட்டு வீட்டுக்கு நடந்தவர்கள் எத்தனை பேர்? நிலம் யாருடையது? லாயத்தைக் கூட்டியவனுக்குக் கூலி எவ்வளவு? ஆலை வாசலிலும் களத்து மேட்டிலும் இந்தக் கேள்விகளைப் பேசுங்கள். சம்பள நாளன்று, போனைத் திறப்பதற்கு முன்னால், பக்கத்தில் நிற்கும் தோழரிடம் பேசுங்கள்.